இலையில்லாக் காலத்துக் காற்று

1983 ஜனவரி 10, திங்கள்

வந்துவிட்டாள். மூன்று வருடம் இங்கிலாந்தில் புள்ளியியல் படித்துவிட்டு, இன்று காலை எங்கள் ஈப்போ கல்லூரிக் கணிதத் துறைக்குள் நுழைந்தாள் பல்கீஸ். எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நவமணி, அப்ப ஒரே பெஞ்சு, இப்ப ஒரே ஆபீசு லா!" என்றாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

அவளுக்குக் கொடுத்த மேசை ஜன்னல் ஓரம். நான் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த மேசை.

ஜனவரி 14, வெள்ளி

துறைத் தலைவர் மிஸ்டர் சான் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பேராக் மாநிலத்தில் வீசும் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று அளந்து சொல்லும் ஆய்வுக்கு அனுமதி கிடைத்துவிட்டதாம். அந்த ஆய்வுத் திட்டத்தை எழுதியது யார்? நான். ஆறு மாதம் நூலகத்தில் கிடந்து எழுதியவள் நான். பொறுப்பு யாருக்கு? பல்கீஸுக்கு.

"அவர் இதையே படித்துவிட்டு வந்தவர். நீங்கள் தோட்டத்துப் பெண், இடம் தெரியும். கூடப் போய் உதவுங்கள்" என்றார்.

உதவ வேண்டுமாம்! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். நான் எழுதினால் வெறும் காகிதம், அவள் தொட்டால் ஆய்வு. இதைப் பொறுப்பேற்று முடிப்பவரைத்தான் அடுத்த வருடம் டாக்டர் பட்டத்துக்கு வெளிநாடு அனுப்புவார்கள். அது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஜனவரி 15, சனி

வயிறு எரிகிறது. பொங்கல் சோறு இறங்கவில்லை.

ஜனவரி 23, ஞாயிறு

பல்கீஸ் அவள் அத்தாவின் காரை எடுத்து வந்தாள். தஞ்சோங் ரம்புத்தான் வழியாக ரெட்டைமலைத் தோட்டத்துக்குப் போனோம். நான் பிறந்த ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரன் விட்டுப் போனதைத் தோட்டத்துச் சனங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து வாங்கிவிட்டார்கள். சங்கத் தலைவர் என் அப்பாதான். இன்னும் லயத்து வீடுகளில் கரண்டு கிடையாது. பொழுது சாய்ந்தால் ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் மண்ணெண்ணெய் விளக்குதான். அதனால் தண்ணித்தொட்டி மலையில் காற்றாலை வைக்கலாமா என்று சங்கத்தில் பேச்சு. கரண்டு கம்பிக்கும் மனு போட்டிருக்கிறார்கள். ஆனால் சொந்தமாகக் காற்றாலை வைத்தால் மனுவைத் திரும்ப எடுக்க வேண்டும், கம்பி பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். ரெண்டில் ஒன்றுதான். எதுவென்று எங்கள் அளவு சொல்ல வேண்டும்.

தொட்டியின் மேல் ஒரு குழாய் நட்டு, அதன் உச்சியில் காற்றுமானியைப் பொருத்தினோம். மூன்று கிண்ணங்கள் சுற்றும். கீழே ஒரு பெட்டிக்குள் காகிதச் சுருள் நகர, பேனா காற்றின் வேகத்தைக் கோடாக இழுத்துக்கொண்டே போகும்.

மத்தியானம் அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். மீன் தலையை எடுத்துப் பல்கீஸின் தட்டில் வைத்தாள். "சீமையில இதெல்லாம் கிடைச்சிருக்காதுல்ல தாயி." சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் மீன் தலை எனக்குத்தான். முப்பத்தொரு வயதில் ஒருத்தி மீன் தலைக்கு அழுவாளா? அழவில்லை. ஆனால் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 30, ஞாயிறு

வாராவாரம் பேனா சரியாக எழுதுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி கைமானியோடு தொட்டி மேல் ஏறி, கிண்ணங்களின் பக்கத்தில் நின்று வேகத்தைக் கூவ வேண்டும். கீழே இருப்பவள் அந்த நொடியில் பேனா நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதைக் குறிக்க வேண்டும்.

"நீ ஏறுடி, உனக்குத்தான் மரமேறிப் பழக்கம்" என்றாள். ஏறினேன். இரும்பு ஏணி துருவேறிக் கிடந்தது. மேலே நின்று, "ரெண்டு புள்ளி எட்டு, எழுதுடி!" என்று கத்தினேன். "எழுதிட்டேன்!" என்று கீழிருந்து குரல் வந்தது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி இருந்தது. ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா.

பிப்ரவரி 9, புதன்

இன்று அவள் மாணவர்களுக்குத் தன் முறையை விளக்கினாள். பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

சராசரிக் காற்று எவ்வளவு என்பது போதாது. எத்தனை மணி நேரம் சும்மா கிடந்தது, எத்தனை மணி நேரம் மெல்ல வீசியது, எப்போதாவது எவ்வளவு பலமாக அடித்தது என்று எல்லா வேகமும் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை வைபுல் என்ற ஒரு வளைவால் சொல்லிவிடலாம். இரண்டே எண் போதும்: ஒன்று வளைவின் வடிவம், மற்றது அதன் அளவு. மலையில் இரண்டு மாதம்தான் அளக்க முடியும். ஆனால் ஈப்போ விமான நிலையத்தில் பத்து வருடக் கணக்கு இருக்கிறது. அதே இரண்டு மாதத்தில் மலைக்காற்று நிலையத்துக் காற்றைப் போல எத்தனை மடங்கு என்று பார்த்து, அந்த மடங்கைப் பத்து வருடத்துக்கும் போட்டால் மலையின் முழு வருடமும் கிடைத்துவிடும்.

அழகாகச் சொன்னாள். அதுதான் எரிச்சல். நான் எழுதிய திட்டத்திலும் இதே முறைதான், ஆனால் என் வாயில் இது இவ்வளவு எளிமையாக வந்ததில்லை. நான் வரைபடத் தாளில் புள்ளி வைத்து, மடக்கை அட்டவணை புரட்டிக் கண்டுபிடிக்கும் வடிவ எண்ணை, அவள் கால்குலேட்டர் ஒரு கிளாஸ் தே ஆறுவதற்குள் கக்கிவிடுகிறது. கால்குலேட்டருக்குள் நிரல் எழுதிப் போட்டிருக்கிறாள். "வேணும்னா எடுத்துக்கோ, நவமணி" என்று நீட்டினாள். எனக்கொன்றும் வேண்டாம்.

பிப்ரவரி 20, ஞாயிறு

தொட்டி மேல் நிற்கும்போது கண்டுகொண்டேன். இவ்வளவு நாள் எங்கே போயிருந்தது என் புத்தி?

தோட்டம் முழுக்க இலை உதிர்கிறது. வருடா வருடம் உதிர்வதுதான். கித்தா மரம் மொட்டையாக நிற்கும், பால் குறையும், பிறகு துளிர்க்கும். தொட்டியைச் சுற்றி நிற்கும் மரங்களின் தலை தொட்டி விளிம்பு வரை வரும். இலை அடர்ந்திருந்தால் காற்றைத் தடுக்கும். இப்போது தடுக்க ஒன்றுமில்லை. நாங்கள் அளப்பது மொட்டை மரக் காற்று. விமான நிலையத்திலோ வருடம் முழுக்க ஒரே புல்வெளி. அந்த மடங்கை வருடம் முழுவதற்கும் போட்டால்? கணக்கு பொய்.

அவளுக்குத் தெரியாது. ஈப்போ டவுனில் சாப்பாட்டுக் கடை மாடியில் வளர்ந்தவள். அவள் படித்த ஊரில் இலை உதிர்ந்தால் ஊரே ஒன்றாக மொட்டையாகும். விமான நிலையம் சும்மா இருக்க, தோட்டம் மட்டும் மொட்டையாவது அவளுக்கு எப்படித் தோன்றும்?

"என்னடி மேலே நின்னு கனா காண்றே? நம்பரைச் சொல்லு!" என்றாள்.

"மூணு புள்ளி ஆறு" என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன்.

பிப்ரவரி 21, திங்கள்

இன்றும் சொல்லவில்லை. நாளை சொல்லலாம்.

மார்ச் 13, ஞாயிறு

திரும்பும் வழியில் அவள் அத்தாவின் கடையில் இறங்கினோம். அவள் அத்தா சிக்கந்தர் மாமா, "வாம்மா நவமணி, பசியாறுனியா?" என்று கேட்டு, தானே நாசி கண்டார் சோறு பரிமாறினார். இந்த மனிதர் எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. நான் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது பெட்டி வாங்கிக் கொடுத்தவர். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "பல்கீஸ், அந்த மரங்க இருக்குல்ல..."

அதற்குள் அவள், "நவமணி, வளைவு என்ன அழகா பொருந்துது பாத்தியா? நீ ஒண்ணும் கவலைப்படாதே. கூட்டல் கழித்தலை மட்டும் சரிபாத்துக் குடு, போதும்" என்றாள்.

கூட்டல் கழித்தல்! பல்கலைக்கழகத்தில் புள்ளியியலில் முதலாவதாக வந்தவளிடம்!

"மரத்துக்கு என்ன?" என்றாள் அப்புறம்.

"ஒண்ணுமில்லை" என்றேன்.

மார்ச் 27, ஞாயிறு

இரவல் கருவி, கோலாலம்பூருக்குத் திரும்ப வேண்டும். கழற்றினோம். கித்தா மரங்களில் புதுத் துளிர் வந்திருக்கிறது, செம்பு நிறத்தில். பல்கீஸ் அண்ணாந்து பார்த்து, "உங்க தோட்டம் எவ்வளவு அழகா இருக்கு லா" என்றாள்.

பார்த்தாள். ஆனால் தெரியவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஏப்ரல் 15, வெள்ளி

அறிக்கை முடிந்தது. மலையில் காற்றாலை வைத்தால் லயங்களுக்கு விடிய விடிய விளக்கெரியும் என்று முடிவு. மிஸ்டர் சான் எல்லார் முன்னாலும் கையைப் பிடித்துக் குலுக்கினார், அவள் கையை. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர். லோரி ஓட்டி வந்து குழாய் இறக்கியவர் பெயருக்கு அடுத்து.

சரி. இருக்கட்டும். மே எட்டாம் தேதி தோட்டத்தில் கூட்டம், அறிக்கையை அவளே விளக்கப் போகிறாள். அங்கே கேட்கிறேன் ஒரு கேள்வி. யானைக்கும் அடி சறுக்கும் என்று சனங்கள் பார்க்கட்டும்.

மே 1, ஞாயிறு

வீட்டுக்குப் போனேன். அப்பா சட்டை போடாமல் வாசலில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார். "அடுத்த வாரம் கூட்டத்துல கை தூக்கிட்டா, மறுநாளே கம்பி மனுவ திரும்ப வாங்கிட வேண்டியதுதான். பல்கீஸு கணக்கு, நீ கூட இருந்து பாத்தது. அப்புறம் என்ன யோசனை?" என்றார்.

நீ கூட இருந்து பார்த்தது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தச் சனம் இன்னும் பத்து வருடம் மண்ணெண்ணெய் விளக்கில் கிடக்கும். இல்லை, அப்படி விடமாட்டேன். கூட்டத்தில்தான் சொல்லப் போகிறேனே. தோட்டத்துக்கு ஒரு கெடுதலும் வராது. அடிபடப் போவது அவள் மட்டும்தான். இது தப்பா? இன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே என்று ஒரு குரல். போ, போ. எல்லாம் எனக்குத் தெரியும்.

மே 8, ஞாயிறு

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். நிற்க இடமில்லை. பல்கீஸ் நீலச் சேலையில் வந்திருந்தாள். கரும்பலகையில் வளைவைப் போட்டு, "காத்து ஒரு நாளைக்குத் தூங்கும், ஒரு நாளைக்கு ஓடும். எல்லாத்தையும் கூட்டிப் பாத்துதான் சொல்றோம்" என்றாள். சனம் கை தட்டியது. சங்கச் செயலாளர் சீனி அண்ணன், "அப்ப சம்மதம்னா கைய தூக்குங்க" என்றார்.

எழுந்தேன்.

"மேடம், ஒரு கேள்வி" என்றேன். அவளை மேடம் என்றேன்! "இந்தக் காத்த எந்த மாசம் அளந்தீங்க?"

சிரித்துக்கொண்டே, "நீயும்தானே கூட வந்தே? பிப்ரவரி, மார்ச்சு" என்றாள்.

"அப்ப மரத்துல எலை இருந்துச்சா?"

இருளாயி அக்கா உரக்க, "அட ஆமா! எலை கொட்டுற மாசம் துவைச்ச துணி பொசுக்குனு காஞ்சுருமே. இப்பப் பாரு, ஈரம் போக மாட்டேங்குது" என்றாள். கூட்டம் முழுக்க முணுமுணுப்பு. எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, யாரும் நினைத்துப் பார்க்காத சங்கதி.

பல்கீஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தொட்டி மலை பச்சைப் பசேல் என்று நின்றது. குழாய் நட்ட இடமே கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் முகம் ரத்தமில்லாமல் வெளுத்ததை நான் பார்த்தேன். நான் ஆசைப்பட்ட காட்சி இதுதான். மூன்று வாரமாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி. நல்லா வேணும், நல்லா வேணும் என்று உள்ளே ஒருத்தி குதித்தாள்.

ஆனால் அவள் அழவும் இல்லை, மழுப்பவும் இல்லை. இறங்கி வந்து என் கையில் சாக்குக்கட்டியை வைத்தாள். "மிச்சத்தை நவமணி வந்து சொல்லுவா. தோட்டத்துக் காத்து அவளுக்குத்தான் தெரியும்" என்றாள்.

போய்ச் சொன்னேன். காற்றின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் கரண்டு ஐந்தில் ஒரு பங்கு குறையாது, பாதியாகிவிடும் என்று பெருக்கிக் காட்டினேன். பாதிக் கரண்டில் லயம் விடியாது, கம்பி மனுவை விடாதீர்கள் என்றேன். கை தட்டினார்கள். அவளுக்குத் தட்டியதைவிட அதிகமாகவே தட்டினார்கள். மனு இருக்கட்டும் என்று ஒருமனதாக முடிவு.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுத்தான் வந்தீங்களா? கேள்வியும் பதிலுமா, கூத்து மாதிரி நல்லா புரிஞ்சுச்சு!"

"ஆமா மாமா" என்றாள் பல்கீஸ்.

என் கத்தியைப் பிடுங்கி எனக்கே பூமாலையாகப் போட்டுவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு —

தஞ்சோங் ரம்புத்தான் தாண்டியதும் காரை ஓரமாக நிறுத்தினாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

"எலை உதிர ஆரம்பிச்சதுலேருந்து" என்றேன்.

"வாராவாரம் உனக்குக் கீழேதானே நின்னேன், நவமணி? ஒரு வார்த்தை கூவியிருந்தா எழுதியிருப்பேனே."

அவ்வளவுதான். திட்டவில்லை. சிலிபினில் என் வாடகை அறை வாசலில் இறக்கிவிட்டு, "உள்ளே போ, மழை வருது" என்றாள்.

திட்டித் தொலைச்சிருக்கலாம்ல? ரெண்டு அறை விட்டிருக்கலாம்ல? நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். ஜன்னல் மேசை, மீன் தலை, கூட்டல் கழித்தல் எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். வாயைத் திறக்க விடாம பண்ணிட்டாளே பாவி. என்னைத்தான் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலேயே எறக்கி விட்டிருக்கணும்.

மே 12, வியாழன்

மிஸ்டர் சான் கூப்பிட்டார். பல்கீஸ் அவரிடம் போய், தவறு தன்னுடையது, அதைக் கண்டுபிடித்தது நவமணி, இனி ஆய்வை அவளே நடத்தட்டும் என்று சொல்லிவிட்டாளாம். "நல்ல கூர்மை உங்களுக்கு" என்று பாராட்டினார்.

நான் எப்போது கண்டுபிடித்தேன் என்று அவள் சொல்லவில்லை.

அந்தப் பெருந்தன்மையும் அவளுக்குத்தானா வாய்க்க வேண்டும்? அதிலும் அவள்தான் முதலாவதா?

ஜூன் 3, வெள்ளி

பல்கீஸ் வேலையை விட்டுவிட்டாள். கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் சேர்கிறாளாம். எல்லாரிடமும் கைகொடுத்து விடைபெற்றாள். என்னிடமும். கை சில்லென்று இருந்தது.

ஜன்னல் மேசைக்கு மாறச் சொன்னார்கள். மாறிவிட்டேன். பிற்பகலில் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது. இந்த மேசைக்கா அவ்வளவு ஏங்கினேன்?

ஜூலை 12, செவ்வாய்

ஹரிராயா, நோன்புப் பெருநாள். வருடா வருடம் மத்தியானம் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. கடைக்கு எதிர்ப்பக்கம் வரை போனேன். மாடியில் அவள் குரல் கேட்டது, யாரையோ கிண்டல் பண்ணிச் சிரித்தாள். திரும்பி வந்து ரொட்டி தின்றேன்.

ஜூலை 24, ஞாயிறு

கருவி மறுபடியும் கிடைத்தது. இந்த முறை முழு வருடம். தொட்டி மேல் நட்டாயிற்று. கீழே குறிக்கத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பத்துமலை வருகிறார். நல்ல மனிதர். நம்பர் கூவினால், "சரிங்க டீச்சர்" என்பார்.

நவம்பர் 4, வெள்ளி

தீபாவளி. அம்மா இரண்டு மீன் தலை போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். "அவ வரலையா?" என்றாள். "வேலை இருக்கும்மா" என்றேன். இரண்டையும் என் தட்டில் வைத்தாள். ஒன்றைத்தான் தின்ன முடிந்தது.

1984 ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். ரெட்டைமலைக்குக் கரண்டு வந்துவிட்டது. லயம் முழுக்க விளக்கு. பகலிலும் யாரும் அணைக்க மாட்டேன் என்கிறார்கள். அப்பா ஒரு மின்விசிறி வாங்கி மாட்டிவிட்டு அதன் கீழேயே படுத்திருக்கிறார். "உங்க ரெண்டு பேராலதான்" என்றார் விசிறியைப் பார்த்தபடி. இரண்டு பேர்.

மனசு கேட்காமல் இந்தச் சேதியை ஒரு அட்டையில் எழுதிக் கோலாலம்பூருக்குப் போட்டேன்.

பிப்ரவரி 8, புதன்

பதில் இல்லை. டாக்டர் பட்டத்துக்கு என் பெயரை அனுப்பிவிட்டார்கள், செப்டம்பரில் புறப்பாடு. அவள் படித்த அதே பல்கலைக்கழகம். மிஸ்டர் சான், "சந்தோஷம்தானே?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பிப்ரவரி 12, ஞாயிறு

இலை உதிர்கிறது. தொட்டி மலைக்குத் தனியாகப் போனேன். பத்துமலை யாரோ உறவுக்காரர் கல்யாணத்துக்குத் தெலுக் இந்தான் போயிருக்கிறார். ஒரு வாரம் தள்ளிப்போட்டிருக்கலாம். ஏனோ போனேன்.

இலை இருந்த மாதங்களின் கணக்கைப் போட்டாயிற்று. காற்று சரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. கரண்டு பாதி. அன்றைக்குக் கரும்பலகையில் நான் போட்டது அப்படியே சரி. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இதைச் சொன்னால் விளங்கிக்கொண்டு, "அடியே, அச்சு அசலா வந்திருக்குடி!" என்று குதிக்கக்கூடியவள் ஒருத்திதான்.

கைமானியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். மொட்டை மரங்களுக்கு மேல் நல்ல காற்று. முள் நின்றது. பழக்கதோஷம், குனிந்து கத்திவிட்டேன்:

"மூணு புள்ளி ஆறு, எழுதுடி!"

கீழே பெட்டி மட்டும்தான் இருந்தது. பிறகு அவசரமாக இறங்கி வந்து பெட்டியைத் திறந்தேன். பேனா அதற்குள் வேறு இடத்துக்குப் போயிருந்தது.